புதன்கிழமை மூன்று மணிக்கு வரும் சகலை

யோசனை கேட்டு வருகிறவரை யோசனை சொல்லாமலே திருப்பி அனுப்பி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்கிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் கோச்சிங். பி.எஸ்.சி. கோச்சிங்கோ என்ட்ரன்ஸ் கோச்சிங்கோ என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றுக்குத் திருவனந்தபுரத்தில் தெருவுக்கு நாலு போர்டு தொங்குகிறது. என்னுடையது எதிரில் உட்கார்ந்து பேசுகிற கோச்சிங். வேலையில் தேக்கம், வீட்டில் குழப்பம், இதுவா அதுவா என்று முடிவெடுக்க முடியவில்லை என்று வருகிறவரிடம் நான் கேள்வி கேட்பேன். கேட்டுக்கொண்டே இருப்பேன். விடையை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தேன். நாற்பத்தேழாவது வயதில், ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு இதில் இறங்கினேன். கிளம்பும்போது எல்லாரையும் கூட்டி வைத்து, மனசு சொல்வதைக் கேட்கும் துணிச்சலைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அதே வாசல் வழியாக அதே நாற்காலிக்குத் திரும்புவது என்பதை நினைத்தாலே உடம்பு கூசும். என் மனைவி பகவதி ஒரு நிபந்தனை போட்டாள். வருடம் முடிவதற்குள் உறவுக்காரர் அல்லாத ஐந்து பேர் என்னிடம் தொடர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் நாற்காலி.

தனியாக இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. பயிற்சி வகுப்பில் இரண்டு பேராகச் சேர்ந்தால் சலுகை என்றார்கள். நான் என் சகலை குமரேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். பகவதியின் தங்கை சிவகாமியின் வீட்டுக்காரன்; மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து சலித்துப்போனவன். ஒரே நாளில் தொழில் தொடங்கி, பக்கத்து ஆளுடைய வாசலில் நிற்கிற செருப்புகளை எண்ணிப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கதைதான். இதில் வருகிற எல்லாரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன். சகலையை மட்டும் மாற்ற முடியவில்லை.

மிளகாய்க்கு மேலே

ஆரம்பத்தில் குமரேசனைவிட நான்தான் முன்னால் நின்றேன். எனக்கு அறை இருந்தது. சாலைக் கம்போளம் என்கிற பழைய சந்தையில் என் மாமனாரின் மிளகாய், மல்லி மொத்தக் கடை. இப்போது மச்சினன் பார்க்கிறான். அதன் மாடியில் பழைய சாக்குகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, இரண்டு நாற்காலியும் ஒரு மணி பிளான்ட்டும் ஒரு பெட்டி டிஷ்யூ காகிதமும் வைத்தேன். டிஷ்யூ கண்டிப்பாக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மனம் திறந்து பேசும்போது சிலர் அழுதுவிடுவார்களாம்.

முதல் ஆளாக வந்தவர் ஒரு வங்கி அதிகாரி, பெண்மணி. பதவி உயர்வு வந்தால் வடக்கே போக வேண்டும், போவதா வேண்டாமா என்று கேட்டு வந்தார். மூன்றாவது கேள்வியிலேயே அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. எனக்குள் ஒரு பூரிப்பு. மூன்றே கேள்வி! டிஷ்யூவை மெதுவாக அவர் பக்கம் தள்ளிவிட்டு, பயிற்சியில் சொன்னபடி மௌனம் காத்தேன். அவர் இன்னும் அழுதார். நானும் லேசாகக் கலங்கினேன். "இந்த இடத்தில் எது உங்களை இவ்வளவு தொடுகிறது?" என்று தணிந்த குரலில் கேட்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாரே, எனக்கு சங்கடம் ஒண்ணும் இல்ல கேட்டோ. தாழ கடையில முளகு மூடையை அவுத்திருக்காங்க."

வழி கேட்டவர்

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கொச்சிக்காரர். மூன்று விதிகளை மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டே இருப்பார். யோசனை சொல்லாதே. எதிரில் இருப்பவரைவிட அதிகம் பேசாதே. அறைக்குள் கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருவர் உன்னிடம் வருகிறார் என்பதை அவர் வெளியே சொல்லிக்கொள்ளலாம். நீ மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. மூன்றிலும் மூன்றாவதுதான் சுலபம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

என்னைக் கஷ்டப்படுத்தியது முதல் விதி. அதே தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். மகன் கடைக்கு வர மாட்டேன் என்கிறான், கனடா போகிறேன் என்கிறான், என்ன செய்யலாம் என்று வந்தார். நான் அவரிடம், மகன் கடைக்கு வந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். வராவிட்டால் எது போகும் என்று கேட்டேன். உங்கள் அப்பா உங்களைக் கேட்டாரா என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "வழி தெரியாமத்தானவே ஒம்மகிட்ட வந்தேன். நீரு என்னான்னா என்கிட்டயே வழி கேக்கேரு!"

புதன், மூன்று மணி

சான்றிதழ் வேண்டுமென்றால் கோச் நாற்காலியிலும் எதிர் நாற்காலியிலுமாக நூறு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கியவனிடம் நூறு மணி நேரத்துக்கு யார் வருவார்? அதனால் வகுப்பிலேயே ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் நான் அவனுக்கு. அடுத்த ஒரு மணி நேரம் அவன் எனக்கு. எனக்குக் குமரேசன். புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு, கீழே கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், அவன் மாடி ஏறி வருவான். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஒருவரையொருவர் வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். மற்ற நேரங்களில் அவன் எனக்கு 'டேய் குமரேசா'.

ஒரு புதன்கிழமை அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. மூன்று மாதமாக ஒரு ஆள்கூட வரவில்லை. "எனக்கு ரூம் இல்ல அண்ணாச்சி. அதான் பிரச்சினை" என்றான். ரூம் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். ஆள் வருவார்கள் என்றான். அந்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். பகலில் ஆபீஸ், சாயங்காலம் வீடு, பிள்ளைகள். "இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உள்ளே ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தால் குறுக்கே பேசக் கூடாது. மின்விசிறி சுற்றியது. அவன் ஜன்னலைப் பார்த்தான். நாலு நிமிடம் இருக்கும். திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஈஞ்சைக்கல்லிலிருந்து கழக்கூட்டம் வரை பைபாஸில் ஒவ்வொருவரும் தனித்தனிக் காரில், தனியாக, நகராமல் உட்கார்ந்திருக்கிறார்களே! அவர்கள் ஓட்டட்டும், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன், காலையில் ஒருவரோடு போகிறேன், சாயங்காலம் இன்னொருவரோடு வருகிறேன் என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் தொழிலில் அதுவரை அப்படி ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை. ஒரு வார்த்தை யோசனை சொல்லவில்லை. எல்லாம் அவன் வாயிலிருந்தே வந்தது. அவன் கண்ணில் வெளிச்சம், என் நெஞ்சில் வெளிச்சம். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எனக்கே தோணியிருக்கு பாத்தியளா அண்ணாச்சி, அதும் தானா!"

தானாகத் தோன்றியது

நான்கு மாதத்தில் குமரேசனுக்குக் காலையில் இரண்டு கார், சாயங்காலம் மூன்று கார். சனிக்கிழமைக்குக் காத்திருப்போர் பட்டியல். அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற படத்தை யாரோ போட்டு, அது ஊரெல்லாம் சுற்றியது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் சட்டை புதிது. சிரிப்பும் புதிது. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. காலையில் எழுந்தவுடன் எரிந்தது, பைபாஸில் நெரிசல் என்று வானொலியில் கேட்டால் எரிந்தது. ஊரே நெரிசலைத் திட்டும்போது, அதனால் என் சகலைக்கு இன்னும் கால்மணி நேரம் கூடக் கிடைக்கிறதே என்று புழுங்கியவன் திருவனந்தபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தீபாவளிக்கு சிவகாமி வீட்டில் சாப்பாடு. இலை போட்டு உட்கார்ந்ததும், அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அந்தக் கதையை ஆரம்பித்தாள். அவருக்கு எப்படி ஒரு புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று அந்த எண்ணம் வந்தது, வீட்டுக்கு வந்ததும் எப்படிக் குதித்தார், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக எப்படித் தோன்றியது. குமரேசன் அவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சாயங்காலம் அல்ல, மூன்றே முக்கால் மணி. என் அறையில்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மூன்றாவது விதி அங்கேயே அதைப் பிடித்து நிறுத்தியது. அவன் என்னிடம் வருகிறான் என்பதைக்கூட நான் சொல்லக் கூடாது. எங்கள் இருவர் வீட்டிலும் புதன்கிழமை என்றால் சேர்ந்து உட்கார்ந்து பாடம் படிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை பாயசம் வாங்கி வாயை அடைத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பகவதி என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அவருக்கு இப்பிடியெல்லாம் தோணுகு. ஒங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே தோண மாட்டங்கு?"

பொன்முடி போகும் வழியில்

பொறாமை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்டால், என்னைப் பொன்முடி வரை கொண்டுபோனது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்தவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தொழிலாளர்களோடு பேச்சு ஒத்துப்போகவில்லை, வேலையை விடலாமா என்று யோசனை. வாரம் ஒரு முறை நகரத்துக்கு வருவாராம், அறைக்கு வரட்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர், தானாக அறைக்கு வருகிறேன் என்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம் சார், நீங்கள் திரும்பிப் போகும்போது நானும் காரில் வருகிறேன். போகிற வழியிலேயே பேசலாம்." குமரேசன் போவது தட்டையான பைபாஸ். நான் போகிறேன் மலைக்கு. அவனைவிட உயரம்!

விதுரை தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவில், உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வளைவில் எனக்கு வியர்த்தது. நாலாவதில் அவர் மனம் திறந்து, அப்பாவுக்குப் பயந்து இந்த வேலைக்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார். ஒரு கோச் தவம் கிடந்து காத்திருக்கிற தருணம் அது. நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, காலையில் தின்ற புட்டையும் கடலையையும் ரோட்டுக்குக் கொடுத்தேன். திரும்பி வர பஸ்ஸுக்குத் தோட்டத்து வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றேன். அதற்கு முன்னால், ஒன்பதாவது வளைவில், முகத்தைத் துடைத்துக்கொண்டு 'அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்' என்று நான் விட்ட இடத்தைப் பிடிக்கப் பார்த்தபோது அந்த மனிதர் மிகுந்த கருணையோடு சொன்னது: "சாரே, இப்போ ஒண்ணும் கேக்கண்டா. எல்லா வளைவும் கழியட்டும்."

என் முறை

புதன்கிழமையின் இரண்டாவது மணி நேரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில் அவன் கோச், நான் வாடிக்கையாளன். விதிப்படி நான் என் உண்மையான பிரச்சினையைக் கொண்டுபோக வேண்டும். என் உண்மையான பிரச்சினை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அதனால் நான் பொய்ப் பிரச்சினைகளாகத் தயாரித்துக்கொண்டு போனேன். காலையில் எழுந்து நடக்க முடியவில்லை என்றேன். மேசை ஒழுங்காக இல்லை என்றேன். ஒரு வாரம் எதுவும் கிடைக்காமல், தொப்பை குறையவில்லை என்றேன்.

பொய்யாக இருந்தாலும் ஒழுங்காகக் கேட்டால் அதிலிருந்து ஏதாவது வரும் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். ஆனால் குமரேசன் ஒழுங்காகக் கேட்கிற ஜாதி இல்லை. நான் வாக்கியத்தைப் பாதி சொன்னால் மீதியை அவன் முடித்து வைப்பான். எதைச் சொன்னாலும் 'சூப்பர்' என்பான். நான் மௌனமாக இருந்தால் போனை எடுத்து யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பான். பைபாஸில் இவனுக்கு எப்படிக் கூட்டம் வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. பிறகுதான் யோசித்தேன்: அங்கே காரில் அடைபட்டு இருப்பவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தாலே போதும், அவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்களாகவே பேசித் தீர்த்துவிடுவார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் கெட்டிக்காரத்தனம். அந்த இடம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். என் தொப்பை விஷயத்தை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, முதல் விதியைக் காற்றில் பறக்கவிட்டு, என் கோச் எனக்குச் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, ராத்திரி வெந்தயம் ஊறப் போட்டு காலைல வெறும் வயித்துல தின்னுங்க. பத்தே நாள்."

இரண்டாவது வரிசை

சாலைக் கம்போளத்து வியாபாரிகள் சிலர் கூடி, தொழில் வளர்ச்சி பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹால். பேச்சாளர் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். உறவுக்காரன் என்பதால் எனக்கு இரண்டாவது வரிசையில் இடம். குமரேசன் நன்றாகத்தான் பேசினான், அதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வைத்தான். கடைசியில் கேள்வி நேரம். ஒரு வயதான வியாபாரி எழுந்து, "எல்லாருக்கும் நீங்க கோச். ஒங்களுக்கு யாரு கோச்?" என்று கேட்டார்.

நான் சொல்லக் கூடாது. ஆனால் அவன் சொல்லலாமே! விதியில் இடம் இருக்கிறது. இந்த ஹாலில் இருநூறு பேர். அவன் ஒரு விரலை நீட்டி, 'இதோ, இரண்டாவது வரிசையில்' என்று சொன்னால் போதும், எனக்கு வேண்டிய ஐந்து பேர் இங்கேயே எழுந்து வருவார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். எழுந்து கும்பிடுவதற்கு வசதியாக மடியிலிருந்த பையைக் கீழே வைத்தேன். குமரேசன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், பார்த்தான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு மைக்கைப் பிடித்து, "பைபாஸ் டிராபிக்தான் எனக்கு கோச்" என்றான். ஹால் அதிர்ந்தது. எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. பக்கத்தில் இருந்தவர், இவரைத் தெரியுமா என்று கேட்டார். சகலை என்றேன், நானும் இதே தொழில்தான் என்றேன். அவர் என் தோளில் தட்டினார். "அப்போ பாக்கியம்தான். கொஞ்சம் கொஞ்சம் ஒங்களுக்கும் பறஞ்சு தந்திருப்பாரே, அல்லே?"

தொண்ணூற்றெட்டாவது மணி

பிப்ரவரித் தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மார்ச்சோடு விடுப்பு முடிகிறது, வருகிறீர்களா, அல்லது அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா, மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார்கள். என்னிடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். மிளகாய்க்கு அழுத வங்கி அதிகாரி ஒருவர். சர்ஜிகல் மாஸ்க் போட்டுக்கொண்டு வருவார். இன்னொருவர் அவருடைய தோழி. பகவதி என் பழைய ஆபீஸ் சட்டைகளை எடுத்து இஸ்திரிக்குப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் புதன்கிழமை மாடி ஏறினேன்.

இரண்டாவது மணி நேரம் வந்தது. இன்றைக்கு எதைப் பற்றிப் பேசலாம் என்று குமரேசன் கேட்டான். பொய் தயாரிக்கத் தெம்பு இல்லை. "ஒரு ஆள் மேல எனக்குப் பொறாமை. ஆறு மாசமா" என்றேன். அவன் யார் என்று கேட்கவில்லை. போனை எடுத்து, முதல்முறையாக அதை அணைத்துப் பைக்குள் வைத்தான். அவர்கிட்ட இருக்கிறதில் எது உங்களுக்கு வேண்டும் என்று கேட்டான். ஆள் கூட்டமா? யோசித்தேன். இல்லை, அவ்வளவு பேரை என்னால் தாங்க முடியாது. பேரா? கொஞ்சம் வேண்டும், ஆனால் அது இல்லை. அவன் விடவில்லை. பின்னே எது, பின்னே எது என்று கேட்டான். அவசரப்படாமல், என் வாக்கியத்தை முடித்துவைக்காமல், சூப்பர் சொல்லாமல் கேட்டான். என் வாயிலிருந்து எனக்கே தெரியாத ஒன்று வந்து விழுந்தது. "அவனுக்கு ஒரு நல்ல கோச் கெடச்சான். அதான் எனக்குப் பொறுக்கல. எனக்கு அப்பிடி ஒருத்தன் கெடைக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த என் கோச்சின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவன் எழுந்து போயிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். கீழே யாரோ எடை போடுகிற சத்தம் கேட்டது. குமரேசன் பேசினான், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் நல்ல கோச் இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அந்த ஹால்ல ஒங்க பேரச் சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொன்னா எல்லாவனும் இங்க வந்துருவான், அப்புறம் எனக்குப் புதன்கிழமை ஏது?"

ஷைனி

அடுத்த திங்கட்கிழமை நெடுமங்காட்டிலிருந்து ஷைனி என்று ஒரு பெண் வந்தாள். கொச்சிக்காரரின் புது வகுப்பில் படிக்கிறவள். முந்தின வாரக் கடைசியில் அந்த வகுப்புக்குப் பேசப் போன குமரேசன், காரில் போகிற எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், "அது எனக்குத் தோணல. சாலையில முளகுக் கடைக்கு மேல ஒருத்தர் இருக்காரு, அவரு தோண வச்சாரு" என்று சொல்லியிருக்கிறான். ஷைனிக்கு ஆறு மாதமாக ஒரு ஆள்கூட வரவில்லை. நான் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் அவளாகவே கண்டுபிடித்தாள்: என்ட்ரன்ஸ் கோச்சிங் வாசல்களில் பிள்ளைகளை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் மரத்தடியில் காத்திருக்கிற அம்மாக்கள். இதுவரை அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஷைனிக்குப் பின்னால் அதே வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பழைய இரண்டும் இவர்கள் மூன்று பேருமாக ஐந்து. மாதக் கடைசியில் கம்பெனிக்கு, நாற்காலிக்கு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பகவதி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டைகளை மறுபடி அலமாரிக்குள் வைத்தாள். குமரேசன் நூறு மணி நேரம் முடிந்த பிறகும் புதன்கிழமை வருகிறான். இரண்டாவது மணி நேரத்தில் இப்போது போனை அணைத்துவிடுகிறான். வெந்தயம் மட்டும் விடவில்லை. ஷைனிக்கு இப்போது ஐந்து வாசல், உதவிக்கு இரண்டு பெண்கள், ஒரு புது ஸ்கூட்டர். போன வாரம் அவளுக்கு நேரம் ஒதுக்குவதற்காகக் கூப்பிட்டேன். செவ்வாய் முடியாது, வியாழன் முடியாது, வெள்ளியும் முடியாது என்றாள். எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்றேன். அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்: "சாருக்கு மட்டும் எப்படி சாரே எப்பவும் சமயம் இருக்கு?"

பொறாமைப்பட ஆள் தேடி நான் வெளியே அலைய வேண்டியதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே சௌகரியம்: மாதத்துக்கு ஒருவரை நானே கேள்வி கேட்டுத் தயார் செய்து, படி வரை போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன்.